அக்கரை தொட்ட மேஜை

எல்லைக் கூட்டு ஒருங்கிணைப்புக் குழுவின் மேஜை, அதில் உட்கார்ந்திருக்கும் யாராவது "அது எங்க துறை இல்ல" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு சாண் நீண்டது. முதல் கூட்டம் முடிவதற்குள்ளேயே அதன் ஒரு முனை கதவை இடித்தது. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்றார் சுங்கத்துக்காரர். மரமென்றால் அது வனத்துறை, அதில் எங்களுக்கு வேலையில்லை என்று அவரே சேர்த்துச் சொல்ல, கதவு நிலையோடு பெயர்ந்து வெளியே விழுந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கதவு கட்டடப் பிரிவைச் சேர்ந்தது.

குழு அமைத்த நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆற்றுக்கு இக்கரை ஒரு நாடு, அக்கரை ஒரு நாடு, நடுவில் ஒரு பாலம். இக்கரைப் போலீஸைக் கண்டால் திருடன் அக்கரைப் பக்கம் ஓடுவான், அங்கே போலீஸ் நின்றால் இங்கே திரும்புவான். இரண்டு பக்கமும் நின்றால் பாலத்தின் நடுவில் உட்கார்ந்து நிதானமாக சிகரெட் பற்றவைப்பான். இந்தக் கேவலம் தாங்காமல்தான் இரு பக்கத்துப் போலீஸும், சுங்கமும், எல்லைக் காவல் படையும், குடியேற்றத் துறையும் மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்று மேலிடங்கள் முடிவு செய்தன. அவர்களை உட்கார வைத்துப் பேச வைப்பதற்கு ஓர் அதிகாரியும் வேண்டுமே. அப்படி வந்தவள்தான் மீட்டிங்கம்மா. அவளுடைய பதவிப் பெயர் அறைக் கதவில் இரண்டு வரிக்கு எழுதியிருந்தது. முழுதாகப் படித்தவர்கள் கிடையாது. அவளிடம் துப்பாக்கி இல்லை, முத்திரை இல்லை, ஜீப் இல்லை. கூட்டம் தொடங்க அடிக்கும் ஒரு மணியும், ஒரு மைக்கும் இருந்தன. ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை தெரியும்தானே. அந்த ஆண்டிகளுக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு.

மேஜை சுவரை உடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தது, சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டியது, சரிவில் இறங்கி ஆற்றில் கால் வைத்தது. நீள நீள அதுவாகவே கால்களை முளைக்க வைத்துக்கொண்டது. அந்த மட்டில் பொறுப்பான மேஜை. அது நடுவிலிருந்து வளர்ந்ததால், எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த அக்கரைக்காரர்கள் நாற்காலியோடு தள்ளித் தள்ளிப் போனார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஒரு படகு வரவழைத்து, அதில் குடை பிடித்து உட்கார்ந்து கூட்டத்தில் கலந்துகொண்டார்கள். பாதி தூரப் பயணம் மிச்சம் என்று அவர்களுக்குச் சந்தோஷம்தான். எதனால் வளர்கிறது என்பது இரண்டாம் மாதமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் யாரும் அந்த வாக்கியத்தை விடவில்லை. நாக்கில் பழகிப்போன சொல், பல் விழுந்தாலும் போகாது.

ஒரே ஒரு தடவை மேஜை குறைந்தது. டீ ஆறிப்போய் வருகிறது, டீக்கார அக்கா கெட்டிலுக்குப் பதில் பிளாஸ்க் கொண்டுவர வேண்டும் என்று இரு கரைக்காரர்களும் ஒருமனதாகத் தீர்மானம் போட்ட அன்று அது சரியாக ஒரு சாண் உள்ளே வாங்கியது. அதைக் கண்ட மீட்டிங்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவரிடம் வீட்டுக்குப் போனதும் சொன்னாள். அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, எட்டு துறை, ரெண்டு நாடு, ஒரு பிளாஸ்க், நல்ல முன்னேற்றம்தான் என்றார். பிளாஸ்க்கை எந்தத் துறை வாங்குவது என்று முடிவாகாததால் கெட்டிலே தொடர்ந்தது.

டீக்கார அக்காவுக்குத்தான் கால் தேய்ந்தது. முதலில் மேஜை ஓரமாக நடந்து டீ கொடுத்தாள். ஆற்றுக்குள் போனபின் நடக்கத் தரையில்லாததால், செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மேஜை மேலேயே ஏறி நடந்தாள். கோப்புகளுக்கும் கைகளுக்கும் நடுவே பாதம் வைத்துப் போவாள். அதிகாரிகள் பேச்சை நிறுத்தாமலேயே கோப்பைத் தூக்கி வழிவிடுவார்கள். அவள் அந்த வேலையை விடாததற்குக் காரணம் சம்பளம் அல்ல. அந்த மேஜையில்தான் அவள் மகள் விவகாரம் மாதா மாதம் பேசப்பட்டது.

மகள் தையல்காரி. தாய் வாங்கிக் கொடுத்த கை மெஷினில் ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள். அக்கரையில் பெரிய தையல் கம்பெனியில் வேலை என்று ஒருவன் வந்து மெஷினோடு கூட்டிக்கொண்டு போனான். அவனுக்கு ஊரில் பொட்டலம் என்று பெயர். சிகரெட்டானாலும் சரி, மாடானாலும் சரி, மனுஷியானாலும் சரி, அவனுக்கு எல்லாம் கரை மாற்ற வேண்டிய ஒரு பொட்டலம்தான். கம்பெனி என்று ஒன்றும் இல்லை. பூட்டிய ஒரு கொட்டகைதான் இருந்தது. அக்கரைப் போலீஸ் அதை உடைத்து, உள்ளே இருந்த பெண்களை மீட்டு, ஆற்றோரத்தில் இருந்த ஒரு காப்பகத்தில் வைத்தது. அதுவரை நல்ல செய்தி. மாடி ஜன்னலில் நின்றால் தாய் கெட்டிலோடு மேஜை மேல் நடப்பது மகளுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு போன் பேச அனுமதி உண்டு. ஆனால் பாலத்தின் கதவைத் தாண்டி அவள் வீட்டுக்கு வர எட்டுத் துறையும் ஒரே கூட்டத்தில் தலையாட்ட வேண்டும்.

ஆட்டவில்லை. போலீஸுக்கு அவள் பாதிக்கப்பட்டவள். எல்லைக் காவல் படைக்கு அவள் அனுமதியில்லாமல் ஆற்றைக் கடந்தவள். குடியேற்றத் துறைக்கு, நாட்டைவிட்டுப் போனதற்கான முத்திரை இல்லாததால் அவள் போகவே இல்லை. போகாதவள் எப்படித் திரும்பி வருவாள் என்று கேட்டார்கள். சுங்கத்துக்காரர் பெண்ணைப் பற்றித் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அந்தத் தையல் மெஷின் வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு என்றார். மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வரட்டும் என்று யாரோ யோசனை சொல்ல, அது மெஷின் இல்லாமல் வராது, நான் பெத்தது எனக்குத் தெரியாதா என்றாள் டீக்கார அக்கா. ஒவ்வொரு மாதமும் இந்தச் சுற்று நடக்கும், மேஜை அரை கஜம் போகும். மீட்டிங்கம்மா மட்டும் அக்காவிடம், அடுத்த மாசம் முடிச்சிடலாம்க்கா என்பாள். அடுத்த மாதங்கள் சேர்ந்து மூன்று வருடம் ஆனது.

இதற்கிடையில் மேஜைக்குக் கீழே பொட்டலம் தொழிலை விருத்தி செய்திருந்தான். பாலத்தில் சோதனை, ஆற்றில் ரோந்துப் படகு. மேஜைக்கு அடியில் மட்டும் நல்ல நிழல், ஆழமில்லாத தண்ணீர், பிடித்துக்கொள்ள வரிசையாகக் கால்கள். அக்கரையை நெருங்கியதும் கடைசிக் கொஞ்ச தூரத்தை நீந்திக் கடந்தான். கூட்டம் நடக்கும்போதே அதிகாரிகளின் முழங்காலை உரசிக்கொண்டு மூட்டைகள் போயின. ஒருநாள் மாடு போனது; குடியேற்றத்துக்காரர் காலைத் தூக்கிக்கொண்டு, கால்நடை எங்களுக்கு வராது என்றார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் எட்டுபட்டிருந்தது.

ஒருநாள் மதியம் பாலத்தடி டீக்கடையில் அவன் மீட்டிங்கம்மாவுக்கு எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, மரியாதையாக எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கும் ரெண்டு கரையிலயும் ஆளுங்க இருக்காங்க. ஒருத்தன் பாஷை ஒருத்தனுக்குத் தெரியாது. இதுவரைக்கும் ஒரு மீட்டிங் போட்டதில்ல. ஒரு விசில், அவ்வளவுதான்."

அவள் எழுந்து போய் அங்கே நின்ற போலீஸ்காரரிடம் அவனைக் காட்டினாள். அவன் பேரில் உள்ள வழக்கு அக்கரையில் பதிவானது, அவர்கள் கேட்டால் பார்க்கலாம் என்றார் போலீஸ்காரர். அங்கிருந்து மேஜை வெகுதூரம். இருந்தாலும் அது ஆற்றில் முனகியது போல அவளுக்குக் கேட்டது.

அந்தக் காலத்தில் அவளுக்கு வீட்டிலும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது உன் வேலையா என் வேலையா என்று கணவரோடு வாய்த் தகராறு வந்தால், பாதியில் குனிந்து சாப்பாட்டு மேஜையின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். அது மரியாதையாக அப்படியே இருக்கும். ஒருநாள் கணவர் பொறுமையிழந்து சொன்னார்.

"ஒத்துமையா இருங்க, ஒத்துமையா இருங்கன்னு நீயும் தொண்டை கிழியக் கத்திப் பாத்துட்ட. அவங்களுக்கு நல்லா வர்ற வேலை எதுவோ அதைக் குடேன்."

அவர் எரிச்சலில்தான் சொன்னார். அவளும் எரிச்சலில்தான் கேட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாள் டீக்கார அக்கா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, காப்பகத்தை மூடப் போகிறார்களாம், இந்த மாதக் கடைசியில் பெண்களை அந்த நாட்டின் உள்ளே எங்கேயோ இரண்டு நாள் ரயிலில் கொண்டுபோய் விடப் போகிறார்களாம் என்று சொன்னபோது, மீட்டிங்கம்மாவுக்குக் கணவர் சொன்னது வேறு மாதிரி ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாக மேஜையைப் பார்த்தாள். அதன் முனை ஆற்றைக் கடந்து, அக்கரைக்கு ஒரு வீட்டு அகலத் தூரத்தில் நின்றிருந்தது. ஒற்றுமைக்காக இன்னும் பத்து வருடம் காத்திருக்கலாம். வேற்றுமைக்கு ஒரு காலைப்பொழுது போதும். அவள் அவசரக் கூட்டத்துக்கு மணி அடித்தாள்.

அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அக்கா அன்றைய போனில் மகளுக்குச் சொன்னாள். கூட்டத்தன்று அக்கா கெட்டிலோடு மேஜையின் அந்தக் கடைசி முனைக்கே போய் நின்றுகொண்டாள். இன்னும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அங்கிருந்து கையை விரித்துக் காட்டுவது அவள் வேலை. எல்லைக் காவல் படையிடம் தொலைநோக்கி இரவல் வாங்கி அதைப் பார்ப்பது மீட்டிங்கம்மா வேலை. அக்கா முதலில் இரண்டு கையையும் முழுதாக விரித்தாள், போதாமல் தலையை ஆட்டினாள்.

மீட்டிங்கம்மா மைக்கை எடுத்து, முதல் பொருள் மேஜை நடுவில் கூடு கட்டியிருக்கும் நீர்க்கோழி, அது யாருடைய பொறுப்பு என்று கேட்டாள். வரிசையாக எட்டுப் பேரும் தங்களுடையது இல்லை என்றார்கள். மேஜை எட்டு சாண் போனது. நீர்க்கோழி கூட அசையாமல் கூடவே போனது. இரண்டாவது, மேஜை மேல் தேங்கியிருக்கும் தண்ணீர் மழைத் தண்ணீரா ஆற்றுத் தண்ணீரா, எதுவானாலும் யார் துடைப்பது. மூன்றாவது, காலில் மாட்டிக் கிழிந்த மீன்வலை. நான்காவது, காக்கை எச்சம். மூன்று வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றியும் நடக்காதது இப்போது மடமடவென்று நடந்தது. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. இருவர் ஒரே நேரத்தில் மறுத்து, யார் முதலில் மறுத்தது என்று சண்டை போட்டார்கள். அதற்கும் மேஜை நீண்டது. கடைசியாக அவள், இந்த மேஜையே யாருடையது என்று கேட்டாள். அதுவரை நாற்காலியில் சாய்ந்திருந்தவர்கள் கூட நிமிர்ந்து உட்கார்ந்து மறுத்தார்கள். படகு அக்கரை மணலில் தட்டியது. தொலைநோக்கியில் அக்காவின் கைகள் நெருங்கி நெருங்கி, ஒரு தட்டு அளவுக்கு வந்தன.

அப்போதுதான் பயிற்சி ஐயா எழுந்தார். எல்லைக் காவல் படைக்குப் போன வாரம் மாற்றலாகி வந்தவர். கூட்டு நடவடிக்கை பற்றி எங்கேயோ நீண்ட பயிற்சி முடித்து, அங்கே கற்றதை மறக்க நேரமில்லாமல் நேராக இங்கே வந்தவர். காக்கை எச்சம் வரைக்கும் பக்கத்தில் இருந்தவரே அவருக்கும் சேர்த்து மறுத்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை. மேஜையை நாங்கள் பொறுப்பெடுத்துக்கொள்கிறோம், எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கணீரென்று சொன்னார். மேஜை ஒரு சாண் உள்ளே வாங்கியது. அக்காவின் கைகள் விரிந்தன. அவர் உற்சாகமாகி, நீர்க்கோழியும் எங்கள் பொறுப்புதான் என்றார். கைகள் இன்னும் விரிந்தன.

மீட்டிங்கம்மா மைக்கைப் பொத்திக்கொண்டு அவரிடம் ஓடினாள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் அவள் இத்தனை வருடம் மணி அடித்தாள். வந்த நேரத்தைப் பார்.

"ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் ஒத்துழைக்காதீங்க."

"மேடம், போன வாரம் நீங்கதானே ஒத்துழைப்பு ஒத்துழைப்புன்னு..."

"போன வாரம் வேற. இதைப் பாருங்க."

தொலைநோக்கியை அவர் கண்ணில் வைத்தாள். அதில் அவர் மேஜை முனையில் கையை விரித்து நிற்கும் ஒரு தாயையும், கரையில் மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணையும், நடுவில் கொஞ்சம் தண்ணீரையும் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொலைநோக்கியை இறக்கி, வாழ்க்கையில் முதல் பொய் சொல்லும் பிள்ளையைப் போலத் திணறித் திணறி, மேஜை தன் துறை இல்லை என்றார். நீர்க்கோழியும் இல்லை என்றார். அதற்குமேல் யாரும் கேட்காமலேயே, எதுவுமே தன் துறை இல்லை என்றார். மேஜையின் முனை அக்கரை மணலில் ஏறி நின்றது.

தையல்காரி மெஷினை முதலில் ஏற்றினாள், பிறகு தான் ஏறினாள். காப்பகத்து அம்மாள் தடுக்க வந்து, கரை வரைதான் தன் பொறுப்பு, மேஜை இல்லை என்று நினைவு வந்து நின்றுவிட்டாள். பெண் மெஷினைப் பலகை மேல் தள்ளிக்கொண்டே நடந்தாள். தாய் இரண்டு அடியில் எட்டிப் பிடித்தாள். முகத்தைப் பார்த்தாள், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"மெஷினை இப்படிக் குடு. நீ கெட்டிலைப் பிடி."

தாய் மெஷினைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்க, மகள் கெட்டிலோடு பின்னே வந்தாள். அவளுக்குப் பின்னால் காப்பகத்துப் பெண்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அதிகாரிகள் பழக்க தோஷத்தில் கோப்பைத் தூக்கி வழிவிட்டார்கள். சுங்கத்துக்காரர் மட்டும் மெஷினைப் பார்த்து வாயைத் திறந்தார். தரை வழி வரும் சரக்குக்குச் சட்டம் உண்டு, நீர் வழிக்கு உண்டு, வான் வழிக்கும் உண்டு. மேஜை வழிக்கு இல்லை. யோசித்துப் பார்த்து, திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டார்.

கடைசிப் பெண் இக்கரையில் இறங்கியதும் மீட்டிங்கம்மா பயிற்சி ஐயாவைப் பார்த்து, இப்ப சொல்லுங்க என்றாள். அவர் மேஜைக்குக் கீழே போவது முழுக்க எங்கள் பொறுப்பு என்று ஆசை தீரச் சொன்னார். மேஜை சட்டென்று உள்ளே வாங்கியது. அதன் முனை மணலிலிருந்து வழுக்க, அடியில் மூட்டையோடு கரையேறிக்கொண்டிருந்த பொட்டலம் பிடி தவறி ஆற்றில் விழுந்தான். விசில் அடித்தான். வாயில் தண்ணீர் போனதால் சத்தம் வரவில்லை. பயிற்சி ஐயா மேஜை மேலேயே ஓடிப்போய், அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, பலகையில் போட்டு, நடு மேஜை வரை இழுத்துவந்து ஒரு காலோடு விலங்கு மாட்டினார்.

அதோடு முடிந்திருந்தால் அது நம் குழுவே அல்ல. பிடித்தது ஆற்றின் எந்தப் பாதியில், அவனை எந்தக் கரை வைத்துக்கொள்வது, மூட்டை யாருக்கு என்று அன்று மாலையே பேச்சு தொடங்கியது. மேஜை திரும்பவும் அக்கரையைத் தொட்டது. இப்போது அது அக்கரைக் கடைத்தெருவுக்குள் பாதி தூரம் போயிருக்கிறது. ஜனங்கள் காலையில் அதன் மேல் நடந்து வேலைக்குப் போய், மாலையில் திரும்புகிறார்கள், பாலத்தில் புல் முளைத்துவிட்டது. பயிற்சி ஐயா மாதம் ஒரு பொறுப்பை ஏற்று ஒரு சாண் குறைக்கிறார், மற்றவர்கள் ஏழு சாண் கூட்டுகிறார்கள். பொட்டலம் இன்னும் மேஜை நடுவில்தான் இருக்கிறான். கூட்டத்தன்று டீக்கார அக்கா அவனுக்கும் ஒரு டம்ளர் வைக்கிறாள், நன்றாக ஆறிய பிறகு.

மீட்டிங்கம்மா இன்னும் மணி அடிக்கிறாள். மேஜைக்கு ஒரு விரிப்பு வேண்டும் என்பதில் மட்டும் எட்டுத் துறைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தைக்கும் வேலையைத் தையல்காரிக்குக் கொடுத்தார்கள். அவள் கூட்ட அறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்து, கூட்டம் நடக்க நடக்கத் துணியை ஒட்டுப் போட்டு நீட்டிக்கொண்டே போகிறாள். மூன்று பக்கமும் ஓரம் மடித்து அடித்தாகிவிட்டது. நான்காவது பக்கத்தை அடிக்காமல் விட்டிருக்கிறாள்.